கலோனியல் பைப்லைன் சைபர் தாக்குதல்

கலோனியல் பைப்லைன் சைபர் தாக்குதல் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய எரிபொருள் குழாய்வழியை நடத்தும் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளில் 2021 மே மாதம் நடந்த ரான்சம்வேர் தாக்குதல். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் பறிக்கும் இத்தாக்குதலைத் தொடர்ந்து குழாய்வழி முழுவதும் ஐந்து நாட்களுக்கு மேல் நிறுத்தப்பட்டது. தொழிலகங்களில் சைபர் இடருக்குப் பொறுப்பேற்க வேண்டியது கணினிப் பிரிவா, நிறுவனத் தலைமையா என்ற கேள்வியை இது முன்னுக்குக் கொண்டுவந்தது.

பின்னணி

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் தொடங்கி நியூ ஜெர்சியின் லிண்டன் வரை செல்லும் இக்குழாய்வழி அமைப்பின் நீளம் சுமார் 8,850 கி.மீ. பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் ஆகியவை இதன் வழியே நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாய் செல்கின்றன. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் எரிபொருள் தேவையில் இது ஏறத்தாழ 45 விழுக்காடு.

தாக்குதல்

டார்க்சைடு என்ற கும்பல், பயன்பாட்டில் இருப்பதாக நிறுவனமே கருதாத தொலைவிலிருந்து இணைவதற்கான ஒரு பழைய வி.பி.என். கணக்கின் வழியாக நுழைந்தது. அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் மட்டுமே காவல். இரட்டைச் சரிபார்ப்பு இல்லை. மே 7 அதிகாலை 5 மணியளவில் ஊழியர் ஒருவர் பணம் கேட்கும் மிரட்டல் செய்தியைக் கணினித் திரையில் கண்டார். கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர் உடனே பணிநிறுத்த ஆணை பிறப்பித்தார், 6.10 மணிக்குள் குழாய்வழி முழுவதும் மூடப்பட்டது. பூட்டப்பட்டவை அலுவலகக் கணினிகளே. பாதிப்பு குழாய்வழியை இயக்கும் கருவிகளுக்குப் பரவிவிடக்கூடும் என்ற அச்சமே நிறுத்தத்துக்குக் காரணம்.

தலைமையின் முடிவு

ஆபத்து என்று கண்டால் மேலிட அனுமதிக்குக் காத்திராமல் வேலையை நிறுத்தும் அதிகாரம் களப் பணியாளருக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்தது. பணம் கொடுப்பதா என்பதற்கு அப்படி முன்கூட்டிய ஏற்பாடு எதுவும் இல்லை. அவசரகாலத் திட்டத்தில் பிணைப்பணம் பற்றித் தனியாக எதுவும் இல்லை என்று அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜோசஃப் பிளவுண்ட் பின்னர் செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டார். 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுக்கும் முடிவைத் தாமே எடுத்ததாகவும் வெளிப்படையாகக் கூறினார். பணத்துக்கு ஈடாகக் கிடைத்த திறப்புக் கருவி மெதுவாகவே வேலை செய்ததால், நிறுவனம் தன் காப்புப் பிரதிகளையும் நம்ப வேண்டியிருந்தது. மே 12 மாலை குழாய்வழி மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஜூன் மாதம் அமெரிக்க நீதித்துறை 63.7 பிட்காயினை மீட்டது. அதற்குள் பிட்காயின் விலை சரிந்திருந்ததால் அதன் மதிப்பு சுமார் 23 லட்சம் டாலராகவே இருந்தது.

விளைவுகள்

தென்கிழக்கு மாநிலங்களில் மக்கள் பதறி எரிபொருள் வாங்கிக் குவித்ததால் பல பெட்ரோல் பங்குகள் வறண்டன. மே மாத இறுதியில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் புதிய ஆணை பிறப்பித்தது. முக்கியக் குழாய்வழி நிறுவனங்கள் எந்நேரமும் அணுகக்கூடிய சைபர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் 12 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த ஆணை அப்போது விதித்தது. 2022 மே மாதம், குழாய்வழியைக் கைமுறையாக நிறுத்தி மீண்டும் இயக்கப் போதிய திட்டம் இல்லாதது உள்ளிட்ட குறைகளுக்காகக் கலோனியல் நிறுவனத்துக்குச் சுமார் 9.86 லட்சம் டாலர் அபராதத்தைக் குழாய்வழி ஒழுங்குமுறை அமைப்பு முன்மொழிந்தது.

பொறுப்பு குறித்த பிற்காலச் சட்டங்கள்

அடுத்த சில ஆண்டுகளில் வந்த விதிகள் பொறுப்பை மேல்மட்டத்தில் நேரடியாக வைத்தன. 2022 டிசம்பரில் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் நிஸ்-2 நெறியாணையின்படி, பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு ஒப்புதல் தந்து கண்காணிப்பதும் அதற்கான பயிற்சி பெறுவதும் நிர்வாகக் குழுவின் கடமை; மீறல்களுக்கு அக்குழுவினரைப் பொறுப்பாக்கவும் அது வழிசெய்கிறது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூலையில் வெளியிட்ட விதியின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் சைபர் இடரை இயக்குநர் குழு எவ்வாறு மேற்பார்வையிடுகிறது என்பதை ஆண்டறிக்கையில் விளக்க வேண்டும்.