கொடுத்த ரத்தம் யாருடையது?

அரிய மரபணு நோயில் ஒரு நோயாளியின் ரத்தம் தனித்து நின்று அதிகம் சொல்லாது. பழுதான மரபணு எதுவென்று கண்டுபிடிக்க ஒரே நோயுள்ள பல குடும்பங்களின் மாதிரிகள் வேண்டும். அந்தக் குடும்பங்களோ நாடு நாடாகச் சிதறிக் கிடக்கின்றன. மாதிரிகளைச் சேர்த்து உறையவைத்துக் காக்கும் உயிரி வங்கி தேவைப்படுவது இதனால்தான். ஆனால் அதன் வரலாற்றில் உறைபெட்டியைவிட ஒப்பந்தத்தாளே அதிகம் தீர்மானித்திருக்கிறது. குழந்தைகளின் மூளையைச் சிதைக்கும் கானவன் நோயைப் பாருங்கள். 1987-இல் சிகாகோ பெற்றோர் ஒருவர் ரூபன் மடலோன் என்ற ஆய்வாளரை அணுகினார். பிற பெற்றோரும் சேர்ந்துகொண்டு பிள்ளைகளின் ரத்தம், சிறுநீர், இறந்த பிள்ளைகளின் திசு, கூடவே பணம் என எல்லாம் தந்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டது மட்டும் ஒன்றுமில்லை. 1993-இல் மரபணு கிடைத்தது; 1997-இல், ஆய்வு நடந்த மயாமி சிறுவர் மருத்துவமனை அதற்குக் காப்புரிமை பெற்று, பரிசோதனைக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் விதித்தது. பெற்றோர் 2000-இல் வழக்குத் தொடுத்தார்கள். கொடுத்துவிட்ட திசுவில் அவர்களுக்குச் சொத்துரிமை இல்லை என்று 2003-இல் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையற்ற ஆதாயம் என்ற ஒரே வாதம் தப்பிப் பிழைக்க, வழக்கு சமரசத்தில் முடிந்தது.

தோலையும் கண்ணையும் தாக்கும் பி.எக்ஸ்.இ. நோயில் கதை வேறு. தம் இரு பிள்ளைகளுக்கும் அந்நோய் என்று அறிந்த ஷேரன், பேட்ரிக் டெரி தம்பதி மரபியல் படித்தவர்கள் அல்லர். வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் அடுத்தடுத்து வந்து அதே பிள்ளைகளிடம் ரத்தம் கேட்டன; தமக்குள் பகிர்ந்துகொள்ள அவற்றுக்கு மனமில்லை. 1995-இல் தம்பதி ஓர் அமைப்பைத் தொடங்கி, மாதிரிகளைத் தாங்களே சேர்த்து, தங்கள் நிபந்தனையின்படி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். 2000-இல் மரபணு அடையாளம் காணப்பட்டது. காப்புரிமையில் ஷேரனும் இணைக் கண்டுபிடிப்பாளர். உரிமை நோயாளிகளின் அமைப்புக்கு.

துறை அறியாத பெற்றோரிடம் சாவி இருந்தால் ஆராய்ச்சி முடங்காதா? நியாயமான ஐயம்தான். ஆனால் இங்கே மாதிரிகளை முடக்கியது ஆய்வுக்கூடங்களின் போட்டி. பொதுவில் கொண்டுவந்தவர்கள் பெற்றோர். பெற்றோர் வாங்கினாலும் காப்புரிமை காப்புரிமைதானே என்ற கேள்வி இன்னும் கனமானது. நல்ல மனம் படைத்த உரிமையாளரை நம்பியிருக்கும் ஏற்பாடு, கை மாறினால் கெட்டுப்போகலாம். 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்ததால் அந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்தது. குழாயில் உறைந்திருக்கும் ரத்தத்தைப் பற்றி அத்தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதை எந்த ஆய்வுக்கூடம் பெறும், எதற்குப் பயன்படுத்தும் என்பதெல்லாம் குடும்பங்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைப் பொறுத்தது.