குளோஸ்டருக்கு வந்த அன்னபூரணி

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி ஆண்டுதோறும் ஸ்கூனர் விழா நடக்கிறது. 1985இல் தொடங்கிய விழா. பழைய மீன்பிடிப் பாய்க்கப்பல்களைப் பார்க்கச் சனம் குடும்பம் குடும்பமாக வரும். ஸ்கூனர் என்ற வகையே 1713இல் ஆண்ட்ரூ ரொபின்சன் என்பவர் கையால் இங்கேதான் பிறந்தது என்று ஊரார் சொல்வார்கள். எல்லாத் துறைமுகங்களுக்கும் இப்படி ஒரு கதை வேண்டும்.

விழாவில் எல்லோரும் தேடுவது 'அட்வெஞ்சர்'. பக்கத்து ஊரான எசெக்ஸில் 1926இல் கட்டிய மரக்கப்பல், நீளம் ஏறத்தாழ 122 அடி. ஆழ்கடலுக்குப் போனதும் மேல்தளத்தில் அடுக்கி வைத்திருக்கும் சிறு வள்ளங்களை இறக்குவார்கள். வள்ளத்துக்கு இரண்டு பேர். பனிமூட்டத்தில் தூண்டில் கயிறு விட்டு, மீன் நிறைந்ததும் தாய்க்கப்பலைத் தேடித் துடுப்புப் போட்டு வரவேண்டும். வராமற்போனவர்களும் உண்டு. கடற்கரையில் சுக்கானைப் பிடித்தபடி நிற்கும் மீனவர் சிலையருகே, கடல் கொண்ட 5,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இதே துறைமுகத்துக்கு 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. பெயர் அன்னபூரணி அம்மாள். 1930இல் சுந்தர மேத்திரியார் வேப்பமரத்தில் கட்டியது. இரண்டு பாய்மரம், 89 அடி நீளம். எசெக்ஸின் தச்சர்கள் கப்பலின் பாதி உருவத்தை முதலில் மரத்தில் செதுக்கி அளவெடுத்தார்கள். வல்வெட்டித்துறை மேத்திரிமார் வரைபடம் இல்லாமல் கண் அளவிலேயே கட்டினார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கண் அளவு அத்திலாந்திக் வரை தாங்கியிருக்கிறது.

கப்பலை வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் முன்பே உலகைச் சுற்றியவர். தண்டயல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகளும் அதைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக ஓட்டிவந்தார்கள். பர்மாவிலிருந்து அரிசி ஏற்றிப் பழகிய ஊர் அது. வங்கக் கடலின் காற்றை அறிந்த கைகளுக்கு அத்திலாந்திக் புதிது.

இதைச் சாதனை என்றே நாம் சொல்லி வருகிறோம். சாதனைதான். ஆனாலும் அது ஒரு விற்பனையும்கூட. நீராவிக் கப்பல்களின் முன் பாய்க்கப்பல் வணிகம் தளர்ந்துகொண்டிருந்த காலம். அன்னபூரணி ஊர் திரும்பவில்லை. வாங்கியவரின் மனைவி பெயரால் அது 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆயிற்று.

கப்பலுக்குப் பெயர் மாறுவது புதிதல்ல. எசெக்ஸில் 1894இல் கட்டிய 'எஃபி எம். மொரிஸி' பின்னாளில் கேப் வேர்டே தீவுகளுக்குப் போய் 'எர்னஸ்டினா' ஆனது. அதைப் பழுதுபார்த்துக் காத்தவர்கள் இன்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே அழைக்கிறார்கள்: எர்னஸ்டினா-மொரிஸி. தீவுக்காரரின் நினைவும் தங்கிவிட்டது, கட்டிய ஊரின் நினைவும் தங்கிவிட்டது.

சென்ற விழாவில் என் மகள் கப்பல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அன்னபூரணி கதையைச் சொன்னேன். "அது எந்த இடத்தில் கட்டி நின்றது?" என்று கேட்டாள். துறைமுகம் முழுவதையும் கைநீட்டிக் காட்டினேன். அவளுக்கு அது போதவில்லை.