கடந்தைக் கொள்ளை ஈ

கடந்தைக் கொள்ளை ஈ என்பது அசிலிடே குடும்பத்தைச் சேர்ந்த, பிற பூச்சிகளை வேட்டையாடி உண்ணும் ஓர் ஈ இனமாகும். ஐரோப்பாவில் வாழும் இவ்வினத்திற்கு, 1758 ஆம் ஆண்டில் கரோலஸ் லின்னேயஸ் அசிலஸ் கிராப்ரோனிஃபார்மிஸ் என்னும் அறிவியற் பெயரை இட்டார். கடந்தையின் வடிவுடையது என்பது இதன் இரண்டாம் சொல்லின் பொருளாகும்.

அடையாளம்

இது 25 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக வளரக்கூடியது. வயிற்றின் முற்பகுதி கறுப்பாகவும் பிற்பகுதி பளிச்சிடும் மஞ்சளாகவும் இருப்பதால் கடந்தை எனத் தோன்றும். ஆனால் கடந்தைக்கு இரண்டு இணைச் சிறகுகள் உண்டு. இதற்கு ஓரிணை மட்டுமே. கண்களுக்கிடையே தலை குழிந்தும், முகத்தில் தாடி போன்ற மயிர்கள் அடர்ந்தும் காணப்படும். கொடுக்குக் கிடையாது.

வாழிடமும் இரையும்

பிரித்தானியாவில் தென் இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களில் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் இதைக் காணலாம். உலர்ந்த சாணத்தின் மீதோ வெற்றுத் தரையிலோ காத்திருந்து, அருகில் வரும் சாண வண்டு, வெட்டுக்கிளி, ஈ போன்றவற்றைப் பாய்ந்து பிடிக்கும். கூரிய வாயுறுப்பால் குத்தி உமிழ்நீரைச் செலுத்தும். அது இரையைச் செயலிழக்கச் செய்து உள்ளுறுப்புகளைக் கரைக்கும். கரைந்த நீர்மத்தை ஈ உறிஞ்சிக்கொள்ளும்.

அச்சுறுத்தல்

பெண் ஈ சாணத்திலோ அதன் அருகிலோ முட்டையிடும். எனவே மேய்ச்சல் நின்றுபோன இடங்களில் இவ்வினம் மறைகிறது. மேய்ச்சல் தொடர்ந்தாலும், கால்நடைகளின் குடற்புழு நீக்கத்திற்குத் தரப்படும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தில் வெளியேறி, அங்கு வளரும் பூச்சிகளைக் கொல்கின்றன. சாண வண்டுகள் குறைந்தால் இவ்வீயின் இரையும் குறையும். ஆகவே இதனைக் காப்பதற்கு மேய்ச்சல் நிலம் மட்டுமன்றி, மருந்து கலவாத சாணமும் தேவைப்படுகிறது.