உள்ளே பெய்த மழை: செஞ்சி மலையும் என் ரெயின் ஜாக்கெட்டும்

இன்றைய எபிசோடை ஒரு அசிங்கத்தோடு ஆரம்பிக்கிறேன். கார்த்திகை மாதம், நல்ல மழை நாளில் செஞ்சி ராஜகிரி ஏறினேன். உடம்பில் எட்டாயிரம் ரூபாய் ஜாக்கெட். 'வாட்டர்ப்ரூஃப், ஆனா ப்ரீதபிள்' என்று லேபிளில் போட்டிருந்தது. அதாவது மழை உள்ளே வராது, வியர்வை மட்டும் ஆவியாக வெளியே போய்விடும். பாதி மலையில் ஜிப்பைத் திறந்து பார்த்தால் டீ-ஷர்ட்டைப் பிழியலாம். ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை. எல்லாம் என் வியர்வை.

கீழே இறங்கினால் மரத்தடியில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர். யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்து, கொங்காணியாகத் தலையில் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, உள்ளயே மழ பேஞ்சிச்சா?"

அந்தக் கேள்விதான் இந்த எபிசோட்.

இந்த மலையில் மழையில் நனைந்து அவதிப்பட்டதில் நான் முதல் ஆள் இல்லை. 1690-ல் தொடங்கி 1698 வரை முகலாயப் படை இங்கே முற்றுகை போட்டது. உள்ளே சத்ரபதி ராஜாராம், வெளியே தளபதி சுல்ஃபிகர் கான். முகலாயர் பக்கம் இருந்து இதையெல்லாம் பார்த்து எழுதியவர் பீம்சேன். 1692 மழைக்காலத்தில் அகழிக்குழிகளில் இரவும் பகலும் கிடந்த சிப்பாய்கள் பட்ட பாட்டையும், தானிய விலை ஏறியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த டிசம்பரில் மராட்டியக் குதிரைப்படையும் வந்து சேர, 1693 ஜனவரியில் சுல்ஃபிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். எட்டு வருஷ முற்றுகை என்றால் நமக்குப் பீரங்கிதான் ஞாபகம் வருகிறது. ஈரத் துணியோடு எட்டு மழைக்காலம் என்று யாரும் யோசிப்பதில்லை.

அப்போது தண்ணீர் புகாத துணியே இல்லையா? இருந்தது. மெழுகுசீலை என்று நம்மிடம் அதற்குப் பெயரே உண்டு, துணியில் மெழுகைத் தோய்த்து எடுப்பது. முற்றுகை தொடங்கிய அதே 1690-ல்தான் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடமிருந்து கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. எல்லாம் துணி வியாபாரத்துக்காக. சென்னையிலோ கடலூரிலோ அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குச் சரக்கு போக வேண்டும். அதனால் துணிப் பொதிகளை மெழுகுசீலையில் சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். பிரமாதமாக வேலை செய்தது. ஏனென்றால் பொதிக்கு வியர்க்காது.

மனுஷனுக்கு வியர்க்கும். சிக்கல் அங்கேதான். 1823-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மாக்கின்டாஷ், நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி காப்புரிமை வாங்கினார். மழை நின்றது. கூடவே காற்றும் நின்றது. போட்டவர் உள்ளுக்குள் வெந்தார்.

இதற்கு விடை என்று உலகம் கொண்டாடியது 1969 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் பாப் கோர் டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அறுந்தது. கடுப்பில் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார், அது கிட்டத்தட்ட பத்து மடங்கு நீண்டது. உள்ளே முழுக்க நுண்துளைகள். ஒரு மழைத்துளி அந்தத் துளையைவிட 20,000 மடங்கு பெரியது. நீராவியின் மூலக்கூறோ துளையைவிட 700 மடங்கு சிறியது. 1976-ல் அது கோர்-டெக்ஸ் என்று கடைக்கு வந்தது. கடுப்பில் செய்த ஒரு டெஸ்ட் கேஸ் பாஸானது, நம்ம ஆபீஸிலும் நடப்பதுதான்.

சரி, அப்புறம் செஞ்சியில் ஏன் ஃபெயில்? (என் ஜாக்கெட் வேறு கம்பெனி, ஆனால் தத்துவம் ஒன்றுதான்.) துளை இருந்தால் மட்டும் ஆவி போகாது, தள்ளிவிட ஒரு அழுத்த வித்தியாசம் வேண்டும். வியர்த்த தோலருகே நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். 5 டிகிரி குளிரில் வெளியே 0.8 மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் 4.8, ஆவி ஓடிவிடும். செஞ்சி மழையில் 26 டிகிரி, 95 சதவீத ஈரப்பதம் என்றால் வெளியிலேயே 3.2. வித்தியாசம் 2.4, சரிபாதி. போதாக்குறைக்கு மேல்துணி மழையைக் குடித்து ஊறிவிட்டால் இருக்கிற வழியும் அடைபடும். ஆக, துணி கெட்டுப்போகவில்லை. வேறு ஊர் வானிலைக்குச் செய்ததை நான் இங்கே போட்டுக்கொண்டு மலை ஏறினேன்.

இந்த ஊர் வானிலைக்கு என்ன போட்டார்கள்? கோட்டைக் கதையே ஆட்டுக்காரரிடம்தான் தொடங்குகிறது. ஆடு மேய்த்த ஆனந்த கோன் மலையிடுக்கில் புதையல் எடுத்து, சுமார் 1200 வாக்கில் முதல் கோட்டையைக் கட்டினார் என்பது செவிவழிக் கதை. ராஜகிரிக்குப் பழைய பெயர் ஆனந்தகிரி. புதையலை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மேய்ப்பர்கள் தோளில் கிடந்த கம்பளியைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

வட தமிழகத்தில் குறும்பர்கள் நெய்த கம்பளி அது. ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒரு கொழுப்பு உண்டு, தண்ணீர் வழிந்து ஓடும். தறியில் பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை போடுவார்கள், இழை இறுகும். ரோமத்தின் மேல்பக்கம் நீரைத் தள்ளும், உள்பக்கமோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை வாங்கி வைத்துக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. 'ப்ரீதபிள்' என்று லேபிள் ஒட்டாமலே. குறை இல்லாமலும் இல்லை: கனம், அரிக்கும், அடைமழையில் கடைசியில் ஊறிவிடும். யூரியா சாக்கு வந்ததும் கம்பளி ஓரங்கட்டப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

சாக்கில் நுண்துளை தொழில்நுட்பம் எதுவும் கிடையாதே என்று தாத்தாவிடம் கேட்டேன், கொஞ்சம் வேறு வார்த்தைகளில். "முன்னாடி தொறந்து கெடக்குது பாரு தம்பி. நடக்கச் சொல்ல காத்து பூந்து பூந்து போவும். நீ எல்லாத்தயும் இழுத்து மூடிக்கினா எப்டி?"

ரூமுக்கு வந்து ஜாக்கெட்டைக் காயப்போடும்போதுதான் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு ஜிப் இருந்தது, காற்று போவதற்கு. ஒரு வருஷமாக நான் அதைத் திறந்ததே இல்லை.