படமும் பாட்டும் ஆக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

எழுத்தில் கொடுக்கும் விவரத்தைக் கொண்டு புதிய ஓவியத்தையோ பாடலையோ உருவாக்கித் தரும் மென்பொருள்கள். படத்துக்கு டால்-ஈ (2021), மிட்ஜர்னி (2022), ஸ்டேபிள் டிஃப்யூஷன் (2022) ஆகியவையும், இசைக்கு மியூசிக்ஜென் (2023), சுனோ (2023), யூடியோ (2024) ஆகியவையும் பெயர் பெற்றவை. இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் வேலை செய்யும் விதத்திலும், கலைஞரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கின்றன என்பதிலும் இவை வெவ்வேறு.

படக் கருவிகளில் பெரும்பாலானவை, புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிய பரப்பில் தொடங்கி, கேட்ட உருவம் தெளியும்வரை அந்தச் சிதறலைப் படிப்படியாக நீக்குகின்றன. 512-க்கு 512 புள்ளி கொண்ட படத்தில், மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 7,86,432 எண்கள். நொடிக்கு 44,100 மாதிரி வீதம் மூன்று நிமிடப் பாட்டுக்கு, ஒரே தடத்தில், 79,38,000 எண்கள். அளவு மட்டுமல்ல சிக்கல். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது முதலில் வந்த மெட்டு கருவிக்கு நினைவிருக்க வேண்டும். அதனால் மியூசிக்ஜென் போன்றவை ஒலியைக் குறியீடுகளாகச் சுருக்கி, ஒவ்வொன்றையும் முன்னே வந்தவற்றைப் பார்த்துக் கணிக்கின்றன. கமகம் இங்கே பெரிய சோதனை. ராகத்தின் பெயரை எழுதிக் கேட்டால், சுரத்துக்குச் சுரம் உள்ள அசைவையும் கேட்டதாக ஆகிவிடாது.

கிடைக்கும் பொருளின் தன்மையும் வேறு. இதற்கு ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் வட்டாரமே நல்ல உரைகல். புதிய ஷூ வடிவம் கேட்டால் படக் கருவி நிமிடத்தில் பல படங்களைத் தரும். அப்பரை (ஷூவின் மேற்பகுதியை) எத்தனை துண்டாக வெட்டுவது, தையல் எங்கே ஓடுவது, தோல் எவ்வளவு இழுபடும், எந்த லாஸ்டில் (கால் வடிவ அச்சில்) ஏறும் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. பேட்டர்ன் போடுபவர் உட்கார்ந்தால்தான் சாம்பிள் உருவாகும். ஆக, இங்கே படம் வேலையின் தொடக்கம் மட்டுமே. சுனோ தரும் பாட்டோ வந்தவுடனே கேட்கத்தக்க முடிந்த சரக்கு. விளம்பர ஜிங்கிளுக்கும் குறும்படப் பின்னணிக்கும் வாசிக்கும் கலைஞர்களின் பிழைப்பில் அது நேராகக் கைவைக்கக்கூடியது.

இசையில் இன்னொன்றும் உண்டு: குரல். தமிழ்த் திரையிசை இதை 2024-இல் எதிர்கொண்டது. 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு வழியே கொண்டுவந்தார். 'ராசாத்தி என் உசுரு' பாடிய சாகுல் ஹமீதின் குரலை இத்தனை காலத்துக்குப் பிறகு புதுப் பாட்டில் கேட்டபோது நெகிழ்ந்தவர்களும் உண்டு, மனம் ஒப்பாதவர்களும் உண்டு. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு சூன் மாதம், 'தி கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலில், சனவரியில் மறைந்த தன் சகோதரி பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா ஒலிக்கச் செய்தார்.

எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்வு. தெலுங்குப் படமான 'கீடா கோலா'வில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கிவிட்டதாக, அவர் மகன் எஸ்.பி.சரண் வழக்கறிஞர் வழியே அறிவிக்கை அனுப்பினார். உயிரோடிருக்கும் பாடகரின் வழக்கும் வந்தது. அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை அனுமதியின்றிப் போலி செய்யும் கருவிகளுக்கு 2024 சூலையில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஓவியருக்கு இந்த அளவு பிடிமானம் இல்லை. குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடலாம். ஒருவரது ஓவிய பாணியோ கோடிக்கணக்கான படங்களுக்குள் கரைந்துபோகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பயிற்சிக்கு அடிப்படையான லயான்-5பி தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய படச் சுட்டிகள் சுமார் 585 கோடி. யாரிடமும் கேட்டு எடுத்தவை அல்ல. மாறாக மியூசிக்ஜென்னுக்கு உரிமம் பெற்ற 20,000 மணி நேர இசையைப் பயன்படுத்தியதாக அதை உருவாக்கிய மெட்டா அறிவித்தது. எல்லா இசைக் கருவிகளும் அப்படியல்ல: சுனோ, யூடியோ மீது பெரிய இசை நிறுவனங்கள் 2024 சூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. ஓவியர்கள் அதற்கு முன்பே, 2023 சனவரியில், மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ ஆகிய நிறுவனங்களை நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தனர். ஆனாலும் 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வழியே ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் பாணியில் படங்கள் உலகெங்கும் பெருகியபோது, ஹயாவோ மியாசாகியும் அவருடைய ஓவியர்களும் வாழ்நாள் முழுக்க வளர்த்த அந்தச் சாயலைத் தடுக்க நேரடியான சட்டம் இல்லை. பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), கணினியால் ஆக்கப்படும் படைப்புக்கு, அதை ஆக்கச் செய்தவரையே ஆசிரியர் என்கிறது. 1994 திருத்தத்தில் வந்த விதி அது. இன்றைய கருவிகளை நினைத்து எழுதியதல்ல. நான்கு சொல் தட்டிப் பாட்டைப் பெற்றவரா, கருவியைக் கட்டிய நிறுவனமா, யாருடைய பாட்டுகளைக் கேட்டு அது கற்றதோ அவர்களா என்பதை அந்த ஒற்றை வரியைக் கொண்டு தீர்க்க முடியாது.