மெய்யியலும் சமயமும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் உயர்கல்வியில் ஒரு பிரிவினையின் வரலாறு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மெய்யியல், அதாவது உள்பொருள், அறிவு, ஒழுக்கம் ஆகியவற்றின் இயல்பைக் காரண காரிய முறையில் ஆராயும் துறை, சமயம் பற்றிய படிப்பிலிருந்து விலகி நிற்பது இன்று இயல்பானதாகத் தோன்றினாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆட்சியாளர் எடுத்த ஒரு நிர்வாக முடிவிலேயே அவ்விலகல் வேர்கொண்டுள்ளது. அம்முடிவு பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ் மாணவரை எவ்வாறு வந்தடைந்தது, பிற்காலத்தில் இரு துறைகளும் சில பல்கலைக்கழகங்களில் மீண்டும் இணைந்தபோது அவ்விணைப்பு இவர்களை ஏன் எட்டவில்லை என்ற இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி ஒரு புறமும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மறு புறமுமாக அமைந்த இப்பகுதியின் கல்வி வரலாறு, மாநில எல்லையும் பல்கலைக்கழக எல்லையும் சேர்ந்து ஒரு மாணவர் எதைப் படிக்க முடியும் என்பதை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதற்குத் தெளிவான சான்றாகும்.

தமிழ் மரபில் இப்பிரிவினைக்கு இடமிருந்ததில்லை. மணிமேகலை காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில், சேரர் தலைநகரான வஞ்சியில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பல கொள்கையாளரிடமும் மணிமேகலை சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள்; கடவுளை ஏற்போரும் மறுப்போரும், வேதத்தைப் பிரமாணமாகக் கொள்வோரும் கண்ணால் கண்டதை மட்டுமே ஒப்புக்கொள்வோரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்பாகப் பரபக்கம் என்னும் பகுதியில் உலோகாயதம், பௌத்தம், சமணம் உள்ளிட்ட பதினான்கு பிற கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறது. மறுக்கப்படும் கொள்கையை முதலில் அதன் தருக்கத்தோடு முழுமையாக எடுத்துரைக்க வேண்டும் என்பது அந்நூல் பின்பற்றிய ஒழுங்கு. அளவையியல் அறியாதவரால் அந்நூலைப் பயில இயலாது, பத்திமையை ஒதுக்கிவிட்டால் அந்நூல் எதற்காக எழுந்தது என்பதும் விளங்காது. இவ்விரண்டு நூல்களையும் தனியே இலக்கியப் பாடமாகவோ தனியே சமயப் பாடமாகவோ சுருக்கும் பாடத்திட்டம் அவற்றின் பாதியை இழந்துவிடுகிறது.

1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி ஆணை, இந்தியாவில் அமையவிருந்த பல்கலைக்கழகங்களுக்கு இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் காட்டியதோடு, பட்டத் தேர்வுகளில் சமய நம்பிக்கை தொடர்பான பாடம் எதுவும் இடம்பெறலாகாது என்றும் வரையறுத்தது. பல சமயத்தாரும் கூடிப் பயிலும் இடத்தில் அரசு நடுநிலை காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் கற்பிக்கும் நிறுவனமாக இல்லாமல், இணைவு பெற்ற கல்லூரிகளின் மாணவருக்குத் தேர்வு நடத்தும் நிறுவனமாகவே இயங்கியமையால், தேர்வில் இல்லாதது கல்வியிலும் இல்லாததாயிற்று. பி.ஏ. வகுப்பில் மன, ஒழுக்க அறிவியல் என்ற பெயரில் நுழைந்த மெய்யியல், பிரித்தானியரின் உளவியலையும் தருக்கத்தையும் ஒழுக்கவியலையும் கொண்டிருந்தது. வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் சமயத்தோடு சேர்ந்தவை என்பதால் அதன் வாயிலுக்கு வெளியே நின்றன.

மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1866இல் பள்ளியாகத் தொடங்கி 1888இல் கல்லூரி நிலையை அடைந்த விக்டோரியா கல்லூரி, சென்னையின் தேர்வுத் திட்டத்தையே பின்பற்றியது. அதே மாவட்டத்தில் பட்டாம்பியில் புன்னச்சேரி நம்பி நீலகண்ட சர்மா நடத்திவந்த சமஸ்கிருதப் பாடசாலை, சாதி வேறுபாடு பாராமல் மாணவரைச் சேர்த்துக்கொண்டது என்பதால் அக்காலத்துக்கு மிக அரிய நிறுவனமாகும். 1911இல் அதுவும் கல்லூரியாக உயர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இவ்வாறு ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இரு தனித்தனிப் பாதைகள் உருவாயின: ஆங்கில வழியில் பி.ஏ. பட்டம் ஒன்று, கீழ்த்திசைக் கல்வியில் தேர்ந்தோருக்குரிய சிரோமணி போன்ற பட்டங்கள் மற்றொன்று. முதற்பாதையில் சென்றவர் மெய்யியலை மேலைநாட்டுப் பொருளாகக் கற்றார். இரண்டாம் பாதையில் வேதாந்தத்தையோ நியாயத்தையோ சிறப்புப் பாடமாக எடுத்தவர் அதனைச் சாத்திரமாகக் கற்றார். இருவரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து ஒருவரையொருவர் வினவும் வாய்ப்பு அந்த அமைப்பில் இல்லை, இவ்வட்டாரத்துக்கு நேர்ந்த பேரிழப்பு அதுவே.

ஏனெனில் கல்லூரிக்கு வெளியே சமயம் பற்றிய கேள்விகள் அக்காலத்தில் கனன்றுகொண்டிருந்தன. கொல்லங்கோட்டில் பிறந்த பிரம்மானந்த சிவயோகி (1852–1929) ஆலத்தூரில் சித்தாசிரமத்தை நிறுவி, உருவ வழிபாட்டையும் சடங்குகளையும் சாதிப் பிரிவையும் மறுத்து, மனத்தின் ஆனந்தமே வீடுபேறு என்று போதித்தார். கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் ஈழவர் நடமாடும் உரிமை குறித்து 1924இல் எழுந்த மோதலும், அதனையொட்டிச் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்ததும், கடவுள், சாதி, தூய்மை ஆகியவற்றைப் பற்றிய வாதங்களைத் தெருவுக்கே கொண்டுவந்தன. சிவயோகியின் கருத்துகளை எந்த அளவையால் ஏற்பது, எந்த அளவையால் மறுப்பது என்று பயிற்சி பெற்ற மாணவர் கூடி ஆராய்ந்திருந்தால் இப்பகுதியின் சிந்தனை வரலாறு வேறொரு ஆழத்தைப் பெற்றிருக்கும்.

பிரிந்தவற்றை இணைக்கும் முயற்சி சென்னையிலிருந்தே தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த ஏ.ஜி. ஹாக், கர்மக் கொள்கையைக் கிறித்தவ நோக்கில் ஆராய்ந்து எழுதியவர்; அவரிடம் பயின்ற ச. இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றிய தம் எம்.ஏ. ஆய்வேட்டை 1908இல் வெளியிட்டார். இந்திய மெய்யியல் பாடத்திட்டத்தில் இல்லாத காலத்தில், வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற கிறித்தவத் திறனாய்வுக்கு மறுமொழியாக எழுதப்பட்ட அவ்வேடு, சமய விவாதம் மெய்யியலை வளர்க்கும் என்பதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளத்தக்கது. 1927இல் சென்னைப் பல்கலைக்கழகம் மெய்யியலுக்குத் தனித்துறை அமைத்தபோது அதற்குத் தலைமையேற்ற எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி, ஸ்ரீகண்டரின் சிவாத்வைதம் பற்றி எழுதியதோடு அத்வைத மூல நூல்களையும் பதிப்பித்து மொழிபெயர்த்தார். சாத்திரப் பயிற்சியும் பல்கலைக்கழக ஆய்வுமுறையும் அவர் பணியில் ஒன்றுகூடின. அவருக்குப் பின் டி.எம்.பி. மகாதேவன் அத்வைதத்திலும், வ.ஆ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் தழுவிய ஆய்விலும் அவ்வழியைத் தொடர்ந்தனர். 1964இல் அத்துறை உயராய்வு மையமாக வளர்ந்தது. பின்னர் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்கான துறைகளும் மெய்யியல் துறையும் மெய்யியல், சமயச் சிந்தனைப் புலம் என்ற ஒரே புலத்தின் கீழ் வந்தன.

இந்த மலர்ச்சி நிகழ்ந்த காலத்தில்தான் எல்லைப் பகுதித் தமிழர் சென்னையின் கல்வி வட்டத்திலிருந்து வெளியேறினர். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானதோடு மலபார் சென்னையிலிருந்து பிரிந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த வட்டங்களாக இருந்தும் கேரளத்திலேயே நீடித்தன. 1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாயிற்று. 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் பாலக்காட்டுக் கல்லூரிகளையும், 1983இல் கோட்டயத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம் இடுக்கிக் கல்லூரிகளையும் ஏற்றன. 1966இல் மதுரையில் எழுந்த பல்கலைக்கழகம், சமயங்கள், மெய்யியல், மனிதநேயச் சிந்தனை ஆகியவற்றுக்கென ஒரு புலத்தையே அமைத்து, அதில் சைவ சித்தாந்தத்தையும் காந்தியத்தோடு இராமலிங்கர் தத்துவத்தையும் கற்பித்தது. அதே நகரின் அமெரிக்கன் கல்லூரி சமயம், மெய்யியல், சமூகவியல் மூன்றையும் இணைத்த பி.ஏ. பட்டத்தை வழங்கியது. மூணாற்றிலிருந்து போடி வழியாக மலையிறங்கினால் எட்டக்கூடிய மதுரை, மாநில எல்லைக்கு அப்பால் இருந்தமையால், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவாலும் இடப்பெயர்வாலும் தொலைவானதாகவே இருந்தது.

அரசுக் கல்லூரியில் சமயத்தைக் கற்பிப்பது சட்டத்துக்கு முரணானது என்ற அச்சம் இன்றும் பலரிடம் உள்ளது. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, அரசு நிதியாலேயே முழுமையாக இயங்கும் நிறுவனங்களில் சமய போதனையைத் தடுக்கிறது என்பது உண்மை. எனினும் 1948–49இல் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப் படிப்பின் முதலாண்டில் சமயத் தலைவர்களின் வாழ்வும், இரண்டாமாண்டில் பல சமய நூல்களின் தேர்ந்த பகுதிகளும், மூன்றாமாண்டில் சமய மெய்யியலின் மையச் சிக்கல்களும் கற்பிக்கப்படலாம் எனப் பரிந்துரைத்தது. கோத்தாரி குழுவும் (1964–66) ஒரு சமயத்தைப் போதிப்பதற்கும் சமயங்களைப் பற்றிக் கற்பதற்கும் இடையிலான வேறுபாட்டை வலியுறுத்தியது. குரு நானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்விமுறையில் ஆராய்வது சமய போதனையாகாது என உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. 2002இல் அருணா ராய் வழக்கிலும் இவ்வேறுபாடு நிலைநாட்டப்பட்டது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் சமயமும் ஒரே துறையின் பெயரில் இணைந்திருப்பதும், விசுவபாரதியில் மெய்யியலும் சமய ஒப்பாய்வும் சேர்ந்து கற்பிக்கப்படுவதும் இவ்வகையிலேதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இந்து நாகரிகமும் பாடங்களாகத் தமிழிலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றன என்பதால், தமிழில் இது இயலுமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை.

கேரளத்திலும் இத்துறையில் முயற்சிகள் உண்டு. காலடியில் 1993இல் அமைந்த சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் வேதாந்தத்துக்கும் மெய்யியலுக்கும் தனித்தனித் துறைகள் கொண்டுள்ளது. 2020இல் கொல்லத்தில் நிறுவப்பட்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாராயண குருவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட மெய்யியல் பி.ஏ. பட்டத்தை வழங்குகிறது, அதன் மண்டல மையங்களுள் ஒன்று பட்டாம்பியில் இயங்குவது, சாதி பாராமல் கற்பித்த நம்பியின் ஊருக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் இவை சமஸ்கிருதம், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளைச் சார்ந்தே நடைபெறுவதால், பள்ளி இறுதிவரை தமிழ்வழியில் பயின்றவருக்கு இவற்றின் பயன் குறைவே.

படிப்பதற்கான பொருளோ இப்பகுதியில் ஏராளம். மூணாற்றில் கோயிலும் தேவாலயமும் மசூதியும் அருகருகே குன்றுகளின் மேல் நிற்கின்றன. முதுவர் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து தெய்வ உருவங்களைச் சுமந்து மலையேறியதாக மரபுக் கதை சொல்கின்றனர். அட்டப்பாடியின் இருளரும் முடுகரும் குறும்பரும் மல்லீசுவரன் முடியைத் தெய்வமாகப் போற்றுகின்றனர். எழுத்து நூல் இல்லாத வழிபாட்டில் அறிவின் அளவை எது என்ற கேள்வி, எந்தப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறைக்கும் தகுதியான கேள்வியாகும்.

2024இல் கேரளக் கல்லூரிகளில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பு, முதன்மைப் பாடத்தோடு வேறு துறையிலிருந்து துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்க மாணவருக்கு வழிவிட்டிருக்கிறது. தமிழ் கற்பிக்கப்படும் சித்தூர் அரசுக் கல்லூரியும் மூணாறு அரசுக் கல்லூரியும் மெய்யியலையும் சமய ஒப்பாய்வையும் சேர்த்து ஒரு துணைப்பாடமாகத் தமிழிலேயே அமைப்பதற்கும், அதன் தேர்வைத் தமிழில் எழுதுவதற்கும், கோழிக்கோடு, கோட்டயம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் இசைவு அளிக்க வேண்டும். மொழிச் சிறுபான்மையினரின் உரிமையை 1969ஆம் ஆண்டிலேயே ஆட்சிமொழிச் சட்டத்தில் ஏற்றுக்கொண்ட மாநில அரசு அதற்குரிய ஆசிரியப் பணியிடங்களை உருவாக்கித் தர வேண்டும்.