சேற்றில் கெடாத கப்பல்: மூழ்கிய கலங்களில் ஸ்கூபா முக்குளிப்பும் நீரின் தன்மையும்

1. பொருளும் எல்லையும்

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து கடலடி பற்றி எழுதக் காரணம் உண்டு. ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என விரியும் இந்தத் தோல் வட்டாரம் கப்பலை நம்பி வளர்ந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பொதி பொதியாக ஐரோப்பாவுக்குப் போனது. கப்பல் கரை சேர்ந்தால் தோல் காலணியாகும். நடுவழியில் மூழ்கினால் அந்தத் தோல் என்ன ஆகும்?

முக்குளிப்போர் தெளிந்த, வெதுவெதுப்பான நீரைத் தேடிப் போகிறார்கள். கப்பலின் மரத்தையும் துணியையும் தோலையும் விரைவில் அழிப்பது அந்த நீர்தான். கலங்கிய, சேறு படிந்த கடலை அவர்கள் ஒதுக்குகிறார்கள். பழம்பொருள் கெடாமல் கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். எங்கே, எப்படி இறங்குவது என்பதை இந்த முரண்பாட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. பிளிமத் சேற்றில் கிடந்த தோல்

1786 டிசம்பர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குத் தோலும் சணலும் ஏற்றிச் சென்ற 'மெட்டா கேதரினா' என்ற பாய்க்கப்பல், புயலுக்காக இங்கிலாந்தின் பிளிமத் வளைகுடாவில் ஒதுங்கியது, அங்கேயே மூழ்கியது. 1973இல் உள்ளூர் முக்குளிப்புக் கழகத்தினர் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் அதன் மணியைக் கண்டெடுத்தனர். கரிய சேற்றை விலக்கியபோது, கட்டுக் கட்டாகச் சுருட்டிய கலைமான் தோல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 190 ஆண்டுகள் நீருக்குள் கிடந்தும் அதில் பெரும்பகுதி வளையும் தன்மை மாறாமல் இருந்தது.

இது தற்செயல் அல்ல என்பது டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். அந்தத் தோல் வில்லோ மரப்பட்டையில் ஊறிப் பதமானது. பின்பு பூர்ச்ச மரத்து எண்ணெய் தேய்க்கப்பட்டது. பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்துவிட்டால் நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைக்க முடியாது. சேற்றுக்குள் ஆக்சிஜனும் இல்லை. பதனிட்டவரின் வேலையும் கடலடிச் சேறும் சேர்ந்து சரக்கைக் காத்தன. அதுவே வெறும் உப்புத் தோலாக இருந்திருந்தால் இந்த நிலையில் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை.

அங்கே எடுத்த தோலில் ஒரு பகுதி கைவினைஞர்களிடம் போய்க் காலணியாகவும் பையாகவும் மாறியது. அந்த வருமானம் அகழாய்வுக்கு உதவியது. தோலைப் பயன்படுத்துவது அதற்குச் செய்யும் மரியாதை என்று வாதிடலாம்தான். ஆனால் 18ஆம் நூற்றாண்டுப் பதனிடும் முறைக்குச் சான்றான ஒரு பொருள் வெட்டப்பட்டுவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. இந்த வழியை நான் ஏற்கவில்லை.

3. ஆழம், காற்று, நேரம்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று சுவாசிப்பவருக்கு 5 மீட்டரில் 30 லிட்டரும் 53 மீட்டரில் 126 லிட்டரும் வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர், முதல் இடத்தில் 80 நிமிடம் வரும்; இரண்டாவது இடத்தில் 19 நிமிடம்தான் வரும். மேலேறும் வழியில் நின்று நின்று நைட்ரஜனை வெளியேற்றுவதற்கான காற்றும் அதற்குள்ளிருந்தே வர வேண்டும். 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மதியை மயக்கத் தொடங்கும். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 40 மீட்டர் எல்லை வகுத்திருப்பது இதனால்தான். அதற்குக் கீழே ஹீலியம் கலந்த வாயுவும் தனிப் பயிற்சியும் தேவை.

கப்பலுக்குள் நுழைவது இதைவிடக் கடினம். துடுப்பு ஒருமுறை வண்டலைத் தொட்டால் நொடிப்பொழுதில் கண் மறைந்துவிடும். வாசலிலிருந்து கயிறு கட்டாமல் உள்ளே போகக் கூடாது.

4. இலங்கைக் கடல்கள்

தமிழர் வாழும் கரைகளில், அருகருகே இத்தனை வேறுபட்ட நீர்நிலைகள் இலங்கையைச் சுற்றித்தான் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் நிலை தலைகீழாகும். அதனால் மட்டக்களப்பு, திருகோணமலையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இறங்குகிறார்கள். கொழும்பு, காலிப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

4.1 மட்டக்களப்பு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை இங்கே மூழ்கடித்தன. 307 பேர் இறந்தனர். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்று போற்றப்படும் அது, சுமார் 53 மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. நீர் தெளிவு, வெதுவெதுப்பு. பீரங்கியும் உருக்குத் தட்டும் பவளமும் மீன்களும் காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் தெளிந்த நீரில் ஆக்சிஜன் மிகுதி. உருக்கு ஆண்டுதோறும் மெலிகிறது. உள்நாட்டுப் போரால் நெடுங்காலம் எளிதில் போக முடியாதிருந்த இக்கடல் 2009க்குப் பின் திறந்தது. ஹெர்மிஸ் ஒரு கல்லறை. அங்கிருந்து ஒரு பித்தளைத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது என்பது சட்டத்துக்கு முன்பே மனசாட்சி சொல்ல வேண்டியது. அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' 24 மீட்டர் அளவில் கிடப்பதால், பயிற்சி குறைந்தவர்களுக்கு அதுவே தகுந்தது.

4.2 பெரிய பாசு பாறை. தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள இப்பாறைத் தொடரில் 1961இல் மைக் வில்சன் குழுவினர் ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்களைக் கட்டி கட்டியாகக் கண்டெடுத்தனர். ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆழம் குறைவு, ஆனால் அலை மோதல் கடுமை. இரு பருவக்காற்றுகளுக்கு இடையிலான சில வாரங்களில்தான் இறங்க முடியும். வெள்ளியும் பீரங்கியும் எஞ்சின. மரக்கலத்தின் உடலை அலை அரைத்துவிட்டது.

4.3 காலி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'அவோண்ட்ஸ்டர்' 1659 ஜூலை 2 அன்று நங்கூரம் நழுவிக் கரையில் மோதியது. இப்போது நாலைந்து மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. பல நாட்களில் நீட்டிய கை தெரியாத அளவு கலங்கல். சுற்றுலா முக்குளிப்பாளர் யாரும் காசு கொடுத்து வந்து பார்க்கும் இடமல்ல. ஆனால் மணலும் வண்டலும் மூடியிருந்ததால் கப்பலின் மரப்பகுதிகளும் கயிறுகளும்கூட மிஞ்சின. 2001 முதல் இலங்கையின் கடல் தொல்லியல் பிரிவு இங்கே நிதானமாகத் தோண்டியது. ஆழம் குறைவாதலால் ஒரே முறையில் நெடுநேரம் வேலை செய்ய முடிந்தது. 3ஆம் பிரிவில் போட்ட கணக்கின் பயன் இதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தப் பிரிவின் ஆய்வகத்தையும் மீட்ட பொருட்களில் பலவற்றையும் அடித்துச் சென்றது. மீட்பதைவிடக் காப்பது பெரிய வேலை என்பதை இதைவிடக் கொடுமையாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

4.4 கொடவாய. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்த மிகப் பழைய கப்பல் சிதைவு இதுவே. ஈராயிரம் ஆண்டுப் பழமை, 30 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம், வலுத்த நீரோட்டம். கண்ணாடிக் கட்டிகள், உலோகக் கட்டிகள், கல் அம்மிகள், கருப்பு சிவப்புப் பானைகள் கிடைத்தன. கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர். சங்கு குளிக்கும் தொழிலாளர்கள்.

4.5 முல்லைத்தீவு. 1885 நவம்பரில் 'இண்டஸ்' என்ற கப்பல் இங்கே மேட்டில் தட்டி மூழ்கியது. இந்தியத் தொல்லியலின் முன்னோடி அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் திரட்டியவற்றில் பல அதில் இருந்தன. போர் முடிந்த பிறகே முக்குளிப்போர் அதை நெருங்க முடிந்தது.

5. பிற கடல்கள்

செங்கடலில் 1941இல் மூழ்கிய 'திசில்கோர்ம்' தெளிந்த நீரில் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கூட்டம் கூட்டமாக வரும் படகுகள் அதன் மேல் கயிறு கட்டியே அதைச் சிதைத்தன. ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃபுளோவில் 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர் தாமே மூழ்கடித்த போர்க்கப்பல்களைக் காணக் குளிரைத் தாங்கும் உலர் உடை வேண்டும். பால்டிக் கடல் தனி வகை: உப்பு குறைவாதலால் மரந்துளைக்கும் கப்பல்புழு அங்கே தழைப்பதில்லை. 1628இல் மூழ்கிய ஸ்வீடனின் 'வாசா' 1961இல் ஏறக்குறைய முழுதாக மேலே வந்தது அதனால்தான்.

6. சோழமண்டலக் கரை

நம் கரைக்கு இந்த விதி என்ன சொல்கிறது? காவிரியும் பாலாறும் தென்பெண்ணையும் வண்டலைக் கொட்டும் கடல் இது. அலை ஓயாது, தெளிவு குறைவு, வடகிழக்குப் பருவத்தில் இறங்கவே முடியாது. அதனாலேயே முக்குளிப்பு உலகம் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் 1761 ஜனவரி 1 புயலில் புதுச்சேரிக்கு எதிரே மட்டும் பல பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அழிந்தன. பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஒரு கப்பல் சிதைவைக் கண்டனர். அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 'பிளாக்கெட்' என்ற பெயரும் 1791 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. பழம்பெரும் நகரத்தைத் தேடப் போன இடத்தில் இது கிடைத்தது. தோண்டப்படாத வண்டலுக்கு அடியில் மரமும் தோலும் இருக்கும் என்று எதிர்பார்க்கப் போதிய அடிப்படை உண்டு.

வலை அடிக்கடி மாட்டிக் கிழியும் இடங்கள் மீனவர்களுக்குத் தெரியும். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் சங்கு குளிப்போருக்குக் கலங்கல் நீரில் வேலை செய்து பழக்கம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கடலடிப் பிரிவு 2001இல் தொடங்கப்பட்டது. அத்துறை இவர்களுக்கு ஸ்கூபா பயிற்சியும் ஆவணப்படுத்தும் பயிற்சியும் ஊதியமும் தந்து குழுவில் சேர்க்க வேண்டும். கொடவாயில் கிடைத்த பாடம் இதற்குப் போதும்.

7. தோல் வட்டாரத்தின் கடமை

நீரூறிய தோல் கரைக்கு வந்ததும் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நன்னீரில் பல மாதம் உப்பு நீக்கி, உள்ளே மெழுகுத்தன்மையுள்ள பொருளை ஏற்றி, உறையவைத்து உலர்த்த வேண்டும். நாருக்குள் எது எவ்வளவு ஏறும் என்ற அறிவு நம் டேனரிகளிலும், 1948 முதல் அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருக்கிறது. கடல் தொல்லியலார் அவர்களைத் தேடி வர வேண்டும்.

இன்னொன்றை இவ்வட்டாரத்தார் தாமே செய்யலாம். மூழ்கிய கப்பலை அடையாளம் காணச் சரக்குப் பட்டியலைப் போல் உதவுவது வேறில்லை. எந்த ஆண்டில், எந்தக் கப்பலில், எத்தனை பொதி, என்ன முத்திரையோடு ஏற்றப்பட்டது என்ற விவரம் பழைய தோல் மண்டிகளின் கணக்குப் புத்தகங்களிலும் கப்பல் ரசீதுகளிலும் இருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலோ அலுவலக அலமாரியிலோ அப்படி ஏதேனும் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திடம் கொடுங்கள்.